டூரில் இல்லாத கோயில்

கங்காதர நெல்லூர்
17.1.1994

பச்சையம்மாளுக்கு,

உன் அண்ணன் வேதாச்சலம் எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதியது அல்ல. என் கை, என் பேனா. நம்பினால் நம்பு. நலமா என்று கேட்பதற்காக இந்தத் தாளை வாங்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் தெருவில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் வகுப்பு வந்தது. பத்தாம் வகுப்பில் தோற்ற யமுனாதான் வாத்தியாரம்மா. சிலேட்டு சும்மா கிடைக்கிறது என்று இருபத்தாறு பேர் சேர்ந்தோம். பெயரை எழுத வந்ததும் இருபத்தைந்து பேர் நின்றுவிட்டார்கள். அவர்களுடைய சிலேட்டுகள் இப்போது பானைக்கு மூடி. பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவன் ஒன்றும் தெரியாதவனைவிடக் கேடு. நீட்டுகிற காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவான். நான் நிற்கவில்லை. இப்போது வேலூர் பஸ்ஸின் பலகை, சோப்பு உறை, சுவரொட்டி எதுவும் என்னிடமிருந்து தப்புவதில்லை. தெலுங்குப் பலகைகள் மட்டும் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. அவற்றையும் ஒரு நாள் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தப் பொங்கலுக்குக் கூரை மாற்றினோம். நீ இருபத்துமூன்று வருடமாகப் போட்ட கார்டுகள் பதினான்கும் உத்தரத்துக் கம்பியில் குத்திக் கிடந்தன. இதுவரை யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னதில்லை. எடுத்துத் துடைத்து நானே படித்தேன். நான்கு நாள் ஆயிற்று. தவறு என்னுடையது அல்ல. உன் எழுத்து கோழி கிளறிய குப்பை. மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் எழுதும் லட்சணம் அது. நீ பள்ளிக்குப் போன நாளில் உன் பங்கு மாட்டையும் சேர்த்து மேய்த்தவன் நான்.

விஷயத்துக்கு வருகிறேன். எழுபத்தொன்றாம் வருடம் உங்கள் ஊர் கங்கம்மா ஜாத்திரைக்கு வந்தேன். உன் புருஷன் தாமோதரம் பண்ட வேஷம் கட்டி, உடம்பெல்லாம் குங்குமத்தோடு வந்து உன் வாசலில் நின்றான். வேஷம் கட்டினவன் யாரைத் திட்டினாலும் அது அம்மன் வாக்கு, திட்டு வாங்கினவனுடைய பீடை போகும், பதில் பேசாமல் கை கூப்பி நிற்க வேண்டும் என்பது உங்கள் ஊர்ச் சட்டம். என்ன ஒரு சட்டம். தெருவே பார்க்க அவன் சொன்னது எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. "டேய் கைநாட்டு எருமை, காய்க்காத மரமே, தங்கச்சி ஊட்டுச் சோறு துன்னத்தான் பஸ் ஏறி வந்தியா?"

நான் துன்னாமல் கிளம்பினேன். இன்றுவரை உன் வீட்டுத் தண்ணீர் என் வாயில் படவில்லை.

அந்தக் கைநாட்டு எருமைதான் இதை எழுதுகிறது. தாமோதரத்துக்குப் படித்துக் காட்டு என்று எழுத ஆசை. அவன் போய்விட்டான். கற்றதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் போயிற்று என்பதுதான் என் வருத்தம்.

வேதாச்சலம்


திருப்பதி
29.1.1994

வேதாச்சலம் அவர்களுக்கு,

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை.

எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. குறை சொல்ல முடியவில்லை. மனதைத் திருத்த எந்த சர்க்காரும் வகுப்பு நடத்துவதில்லை என்பது தெரிகிறது. தலை நரைத்தவன் எழுத்துப் படித்தால் முதலில் நல்ல வார்த்தை எழுதுவான் என்று நினைத்திருந்தேன். நீ செத்தவனைத் திட்ட எழுதியிருக்கிறாய்.

பதினான்கு கார்டையும் படித்ததாகப் பெருமைப்படுகிறாய். அதில் ஒன்றின் நான்கு மூலையிலும் கருப்பு மை தடவியிருந்தேனே, எண்பத்தாறில். அதற்குமா படிப்பு வேண்டும்? கருப்பு மை தடவிய கார்டு வந்தால் எந்த எருமைக்கும் சாவு என்று தெரியும்.

கருமாதி அன்று எனக்குப் பிறந்த வீட்டுக் கோடி வரவில்லை. புருஷனை இழந்தவளுக்கு அண்ணன் கொண்டுவந்து போட வேண்டிய ஒரு புடவை. நாத்தனார்கள் வீட்டுக் கோடி, சம்பந்தி வீட்டுக் கோடி எல்லாம் தோளில் விழுந்தது. "பிறந்த ஊட்டுக் கோடி எங்க?" என்று பந்தலில் கேட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கமலம்மா தன் பெட்டியைத் திறந்து ஒரு பழைய புடவையை எடுத்து வந்து, உன் பெயரைச் சொல்லி என் மேல் போட்டாள். எட்டு வருடமாக அவளுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

படிக்கத் தெரியாதவன், தெருவில் யாரோ தப்பாகச் சொல்லியிருப்பார்கள் என்று உன்னை மனதுக்குள் மன்னித்து வைத்திருந்தேன். இப்போது அதுவும் போயிற்று.

ஒன்று சொல்லிவைக்கிறேன். இந்த வீட்டை இடித்து லாட்ஜ் கட்டப்போகிறார் சொந்தக்காரர். என் மகன் ரமணா ஜீப்பை விற்றுவிட்டான்; பக்தர்களுக்கு இப்போது ஏ.சி. கார் வேண்டுமாம். பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டிரைவர் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் மாதம் நானும் போகிறேன். எனக்கு இந்த வாசலில் மிச்சம் இருப்பது ஒரே ஜாத்திரை. பெங்களூர் விலாசத்தை உனக்குத் தருவதாக இல்லை.

பச்சையம்மாள்


கங்காதர நெல்லூர்
2.3.1994

பச்சையம்மாளுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆயிற்று. கோபத்தில் எழுதினால் எழுத்து வரியை விட்டு மேலே ஏறிப் போகிறது. நான்கு தாளைக் கிழித்தேன். கிழிப்பதும் சுகமாகத்தான் இருக்கிறது. எழுதத் தெரிந்தவன்தானே எழுதியதைக் கிழிக்க முடியும்.

கருப்பு மை கார்டு வந்தது. தெரிந்தது. வரவில்லை. அவ்வளவுதான்.

பெங்களூருக்குப் போகிறாயா, போ. அந்த ஊரை விட்டுப் போக யாராவது வருத்தப்படுவார்களா? பெருமாள் பெயரை லாட்ஜுக்கும் சோடாவுக்கும் மூத்திரக் கொட்டகைக்கும் வைத்திருக்கிற ஊர். அங்கே வருகிறவனுக்குச் சாமி மேல் கண், அங்கே இருக்கிறவனுக்கு வருகிறவன் மேல் கண். என் மகன் முரளிகூட ஓசூரில் கம்பெனிக்குப் போகிறான். பேன்ட் போட்டுக்கொண்டு வந்து என் எழுத்தைப் பார்த்து, "நைனா, ஒரு போன் போட்டா முடிஞ்சுது, இன்னாத்துக்கு ஒரு வாரம் எழுதிக்கினு இருக்க?" என்கிறான். பத்தாவது படித்த மடையன்.

உனக்கு ஒன்று விளங்கவில்லை. கைநாட்டு என்றது எனக்கு வலிக்கவில்லை, அது உண்மை. தங்கச்சி வீட்டுச் சோறு என்றதும் உண்மை. ஆனால் காய்க்காத மரம் என்றானே, உன் அண்ணி மணியம்மா இரண்டாவது பிள்ளையையும் மண்ணில் வைத்துவிட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. திட்ட வேறு வார்த்தையே இல்லையா? அதைக்கூட விட்டிருப்பேன். குடித்தவனும் வேஷம் கட்டினவனும் எதுவும் சொல்வான். நீ வாசலில் நின்றாய். கை கூப்பிக்கொண்டு நின்றாய். உன் அண்ணனைச் சொல்கிறானே என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. அவன் வசவை மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்வேன். உன் கையை மறக்கவில்லை.

வேதாச்சலம்


திருப்பதி
12.3.1994

வேதாச்சலம் அவர்களுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, அடுப்பில் போடலாம் என்று எழுந்து, போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ படித்தவன் ஆகிவிட்டாய் அல்லவா, கணக்கும் வரும். அந்த ஜாத்திரை எழுபத்தொன்று சித்திரை. உன் முரளி பிறந்தது எழுபத்திரண்டு பங்குனி. இடையில் எத்தனை மாதம்?

அந்த வசவை நான் கேட்டு வாங்கினேன்.

நீயும் அண்ணியும் இரண்டாவது பிள்ளையை இழந்த செய்தி வந்தபோது கமலம்மாவின் மாமியார் உயிரோடு இருந்தாள். அம்மன் பீடையை எடுக்க வேண்டும் என்றால் மேலோட்டமாகத் திட்டினால் போதாது, எங்கே புண் இருக்கிறதோ அங்கே திட்ட வேண்டும் என்றாள். என் புருஷனுக்கு அது பிடிக்கவே இல்லை. "மச்சான் மொகத்தப் பாத்து அத எப்படிச் சொல்றது" என்று இரண்டு நாள் சோறு துன்னாமல் கிடந்தார். நான்தான் காலில் விழாத குறையாக அவரைச் சொல்லவைத்தேன். அதனால்தான் கை கூப்பி நின்றேன். கும்பிட்டது அம்மனை. மடையனுக்கு அது தெரியவில்லை.

ஊரே வருடா வருடம் திட்டு வாங்கிச் சிரித்துக்கொண்டு போகிறது. இருபத்துமூன்று வருடம் அதை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தவன் நீ ஒருவன்தான்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாய். திட்டை வாங்கித் தந்தது யார் என்று வெளியே சொன்னால் பலன் நிற்காது, பிறக்கிற பிள்ளை இருபத்தோரு வயது தாண்டட்டும் என்று கிழவி சொல்லியிருந்தாள். முரளிக்கு இருபத்தொன்று முடிந்துவிட்டது. பேன்ட் போட்டுக்கொண்டு உன்னை மடக்கிப் பேசுகிறானாமே. போதும், இனி சொல்லலாம்.

அவர் சாகிறவரை ஒவ்வொரு ஜாத்திரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேஷம் கட்டுவதை அந்த வருடத்தோடு விட்டுவிட்டார்.

பச்சையம்மாள்


கங்காதர நெல்லூர்
10.4.1994

பச்சை,

மாதத்தை விரல் விட்டு எண்ணினேன். மணியம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

நான் உனக்கு ஒரு பொய் எழுதியிருந்தேன். வரவில்லை என்று எழுதினேன். கருமாதிக்கு வரவில்லை, அது சரி. நாற்பது நாள் கழித்து வந்தேன். நகரியில் நெய்த கோடி, வெள்ளைப் புடவை நீலக் கரை, பையில் இருந்தது. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கால் உன் தெருப் பக்கம் திரும்பவில்லை. என்ன முகத்தோடு வருவது என்று ஒரு மணி நேரம் நின்றேன். அப்போது ஒரு ஜீப்காரன், "கோயில் கோயில், லோக்கல் கோயில், ஒரு சீட்டு, ஒரு சீட்டு" என்று கையைப் பிடித்து இழுத்தான். மொட்டை போட்ட தலையில் முடி குருத்துவிட்டிருந்தது. தாமோதரத்தின் மூக்கு. நான் கடைசியாகப் பார்த்தபோது ஐந்து வயது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

உன் மகன் நன்றாகப் பேசுகிறான். சேலத்துக் குடும்பம் ஒன்று இருந்தது, அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். முதலில் கோவிந்தராஜர். "இவரு பெருமாளுக்கு அண்ணன். காச அளந்து அளந்து அலுத்து, மரக்கால தலைக்கு வச்சினு தூங்கறாரு." பிறகு கோதண்டராமர். அங்கே மூன்று பேரும் ஒன்றாக நிற்கிறார்கள், ஆனால் காட்டுக்குப் போய் அலைந்து வந்த களைப்பு. கபில தீர்த்தத்தில் சிவன் தனியாக, தண்ணீர் விழுகிற சத்தத்தில் யார் பேசினாலும் காதில் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். மங்காபுரம், பெருமாள் கல்யாணம் ஆன புதிதில் இருந்த வீடு. திருச்சானூர் வந்ததும், "அம்மா மலை ஏற மாட்டாங்க, அய்யாதான் எறங்கி வரணும்" என்றான். சேலத்துக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. உலகமே விழுந்து கும்பிடுகிற குடும்பம், ஒரு ஊருக்குள் ஆளுக்கு ஒரு வீடு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஒரு கூரையில் இருக்க முடியாத ஆட்களைச் சுற்றிக் காட்டுவதற்கு ஒரு ஜீப். நம்மைப் போன்றவர்கள்தான்.

ஜீப் திரும்பும்போது உன் தெரு முனை வந்தது. பெருமாளின் தங்கச்சி கங்கம்மாவின் கோயில் கோபுரம் தெரிந்தது. "தம்பி, தங்கச்சி கோயிலு?" என்று கேட்டேன்.

"அது டூர்ல இல்ல பெருசு," என்றான்.

ஜீப் நிற்கவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். புடவை எட்டு வருடமாக என் பெட்டியில் இருக்கிறது.

இதை எழுத ஒன்பது நாள் ஆயிற்று. கிழிக்கவில்லை.

வேதாச்சலம்


திருப்பதி
22.4.1994

வேதாச்சலம் அவர்களுக்கு,

வேண்டுமென்றே கார்டில் எழுதுகிறேன். உங்கள் ஊர்த் தபால்காரர் படிக்கட்டும், தெருவே படிக்கட்டும்.

ரமணாவுக்கு நினைவிருக்கிறது. பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு கோயிலுக்குள்ளும் போகாமல், எல்லா வாசலிலும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவரை அவன் எனக்கு அன்றைக்கே சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். யார் என்று தெரியாமல் சிரித்தேன்.

அந்த மலை மேல் கல்லாக நிற்கிற அண்ணன்கூட ஜாத்திரைக்குத் தங்கச்சிக்குப் புடவை அனுப்புகிறான். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை.

நான் உன்னை வா என்று கூப்பிடப்போவதில்லை. கூப்பிட்டு வருகிறவன் அண்ணன் அல்ல, விருந்தாளி. மே பன்னிரண்டு வியாழக்கிழமை பண்ட வேஷம். வீடு அதே வீடுதான், வாசல் அதே வாசல்தான்.

பச்சையம்மாள்


திருப்பதி
14.5.1994

வேதாச்சலம் அவர்களுக்கு,

நீ வருவாய் என்று நான் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை இங்கே நடந்த ஒரு கூத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும். உனக்கு வேறு வேலை இல்லை என்பதால் உனக்கு எழுதுகிறேன்.

வெயில் ஏறுகிற நேரத்தில் ஒரு கிழ வேஷக்காரர் தெருவுக்குள் வந்தார். தலையிலிருந்து கால்வரை குங்குமம். கழுத்தில் பூமாலை. கக்கத்தில் ஒரு துணிப்பை. மற்ற வேஷக்காரர்கள் குதித்துக்கொண்டு வருவார்கள், இவர் பள்ளம் பார்த்துக் கால் வைத்து வந்தார். நேரே என் வாசலில் நின்றார். மடியிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு ஒரு தாளை எடுத்துப் பிரித்தார்.

வசவைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து படிக்கிற வேஷக்காரரை இந்த ஊர் பார்த்ததில்லை. தெருவே கூடிவிட்டது. கமலம்மா, "யாருடி இது, பரீச்ச எழுத வந்த பண்ட வேஷம்?" என்றாள். அவர் எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டித் திட்டினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தினால் வாங்குகிறவளுக்குக் கால் வலிக்காதா? ஆனாலும் கை கூப்பி நின்றேன். வழக்கம் அதுதான்.

அவர் படித்ததில் எனக்கு நினைவிருப்பதை எழுதுகிறேன்.

"ஏ அஞ்சாங்கிளாஸ் பண்டிதச்சி, கோழிக்கிறுக்கல்காரி. அண்ணனுக்குப் புள்ள பொறக்கப் புருஷன் வாயால வசவு வாங்கிக் குடுத்துட்டு, இருபத்துமூணு வருசம் வாயில கொழுக்கட்டையா வச்சினு இருந்த? உன் அண்ணன்னு ஒருத்தன் இருக்கானே, எழவு ஊட்டு முக்கு வரைக்கும் கோடியத் தூக்கினு வந்து, ஜீப்புல குந்திக் கோயில் பாத்துட்டுத் திரும்பிப் போன நாயி, அவன் மொகத்துல முழிக்காத. முழிச்சினா செருப்பால அடி."

தெரு சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. அவர் தாளைத் திருப்பினார். மறுபக்கமும் எழுதியிருந்தது. அதைப் படிக்காமல் மடித்து வைத்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு வெள்ளைப் புடவையை எடுத்து, போட வேண்டிய முறைப்படி என் தோளில் போட்டார். கமலம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வேஷக்காரரிடம் பதில் பேசக்கூடாது. ஆனால் சாப்பிடக் கூப்பிடலாம், அதற்குத் தடை இல்லை. "வேஷக்காரரே, துன்னுட்டுப் போங்க," என்றேன். உட்கார்ந்தார். மூன்று தடவை சோறு வாங்கினார். குங்குமம் இலையெல்லாம் கொட்டிக் கிடந்தது. சோறு துன்னத்தான் பஸ் ஏறி வந்தீர்களா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அம்மனுக்குப் பயந்து விட்டுவிட்டேன்.

முகம் கழுவாமல் போய்விட்டார். யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

பச்சையம்மாள்


கங்காதர நெல்லூர்
27.5.1994

பச்சை,

நீ எழுதிய ஆளை எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை நான் மாந்தோப்பில் காய் பறித்துக்கொண்டிருந்தேன். மணியம்மாவைக் கேள், அவளும் அதையேதான் சொல்வாள், சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்த ஆளைச் சித்தூர் பஸ்ஸில் பார்த்தவர்கள் உண்டு. அவனுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம், ஜன்னல் சீட்டு சும்மா கிடைத்ததாம். காதுக்குள் குங்குமம் இன்னும் போகவில்லையாம். குழம்பில் உப்பு குறைவு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். மூன்று தடவை வாங்கித் தின்றுவிட்டு உப்பில்லை என்கிறவன் எப்படிப்பட்டவன் என்று நீயே முடிவு செய்துகொள்.

தாளின் மறுபக்கத்தைப் பற்றிக் கேட்டேன். அது திட்டு இல்லையாம், அதனால் வேஷத்தில் படிக்கக் கூடாது என்று மடித்துவிட்டானாம். என்ன எழுதியிருந்தாய் என்றேன். உனக்கு எதற்கு என்றான். திமிர் பிடித்தவன்.

இந்தக் கடிதத்துக்குள் ஒரு மடித்த தாள் இருக்கிறது. எங்கள் வாசலில் கிடந்தது. குங்குமம் பட்டிருப்பதால் கையை ஈரமில்லாமல் வைத்துக்கொண்டு பிரி.

பெங்களூர் விலாசம் கேட்க நான் யார்.

வேதாச்சலம்


பெங்களூர்
19.6.1994

அண்ணனுக்கு,

வந்து சேர்ந்தோம். தண்ணீர் பரவாயில்லை, மனிதர்கள் பேசுவதில்லை, ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதுமில்லை. இப்படி ஒரு ஊர் எப்படி விளங்கும் என்று தெரியவில்லை.

மறுபக்கத்தைப் படித்தேன். என்னைக் கோழிக்கிறுக்கல் என்று சொல்ல உனக்கு வாய் இல்லை. அழுதுகொண்டே எழுதினால் மை இப்படித்தான் பரவும்.

அந்த வேஷக்காரர் போட்ட புடவையில், தோளில் வைத்த இடத்தில், ஐந்து விரலும் குங்குமமாகப் பதிந்திருக்கிறது. மூன்று தடவை சோப்புப் போட்டேன், போகவில்லை. அதையேதான் கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். பக்கத்து வீட்டில் ஒருத்தி, புருஷன் இல்லாதவள் வெள்ளைப் புடவையில் குங்குமக் கையோடு நிற்கிறாளே என்று பார்த்துவிட்டு, யார் கொடுத்தது என்று கேட்டாள். எங்கள் ஊர் எருமை ஒன்று மிதித்துவிட்டது என்றேன். இனிமேல் சோப்புப் போடுவதாக இல்லை.

விலாசம் இந்தக் கார்டின் பின்பக்கம் இருக்கிறது. உனக்குத்தான் படிக்கத் தெரியுமே.

பச்சை